மலைக்கு அனுப்பிய அண்ணனூர் வானம்

அன்று நான் பேசியது மொத்தமே நாற்பது நொடி. அதற்காக ஆறு மணி நேரம் தவித்தேன். நின்றால் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் எழுந்து ஓடத் தோன்றும். எங்கே ஓடுவது? நான் இருந்தது அம்பத்தூர். என் பேச்சு போய்ச் சேர்ந்தது இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு மலை மேல்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். வீடு அண்ணனூரில். படிப்பு பத்தாவதோடு சரி. இன்டர்நெட் என்பதைக் கரையான்சாவடியில் ஒரு பிரவுசிங் சென்டரில், பக்கத்து நாற்காலிக்காரர் தட்டுவதை எட்டிப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். பேச மட்டும் யாரும் கற்றுத்தரவில்லை, அது தானாகவே வந்தது. ரயிலில் பூக்கட்டிக்கொண்டு வரும் அம்மா ஒருத்தி, "மழையும் மாமியாரும் சொல்லிட்டா வரும்?" என்று யாரிடமோ சொன்னால், அதை அப்படியே நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். அப்படி நாலு நோட்டு சேர்ந்திருக்கிறது.

மலை விஷயத்தில் என்னை இழுத்துவிட்டவர் பூந்தமல்லி பாய். பழக்கடை வைத்திருக்கிறார், என் பழைய சிநேகிதர். அவர் கடைக்கு வரும் சீத்தாப்பழம் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை தேடிக்கொண்டே போனவர், அந்த மலை கிராமம் வரை போய்விட்டார். திரும்பி வந்து கடையில் உட்கார்ந்து சொன்னார்: "நைனா, அந்தப் பொம்பளைங்க கூடைய தலையில வெச்சிக்கினு ஒன்பது கிலோமீட்டர் எறங்குறாங்க. சந்தைக்குப் போய்ச் சேர்ந்தப்புறம்தான் அன்னிக்கி என்ன விலைனே தெரியுது. நம்மகிட்ட போன் கீது. இதக்கூடச் செய்யலனா எப்படி?"

அப்படி ஆரம்பித்ததுதான். பாய், நான், எங்கள் தெரு சர்ச்சில் பாடும் ஒரு டீச்சரம்மா, இன்னும் ஐந்து பேர். எல்லோரும் சேர்ந்து மலைக்கு ஒரு நல்ல போனும், வெயிலில் சார்ஜ் ஏறும் தகடும், ஒரு சின்ன ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுத்தோம். சந்தை விலையைப் பாய் பார்ப்பார். அரசாங்கத் திட்டங்களுக்கான விண்ணப்பங்களை டீச்சரம்மா ஆன்லைனில் போடுவார். சாமை உமி நீக்கும் மெஷின் ஒன்று அப்படித்தான் அந்த ஊருக்கு வந்தது. எனக்குக் கொடுத்த வேலை மழை.

ஏன் மழை என்றால், சந்தைக்குப் போகும் வழியில் ஒரு காட்டாறு குறுக்கே போகிறது. பாலம் கிடையாது. பெரும்பாலும் கணுக்காலளவு தண்ணீர்தான். ஆனால் மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் பெய்தால் இந்தப் பக்கம் ஒரு பொட்டுத் தூறல் கூட இல்லாமல் வெள்ளம் இறங்கி வந்துவிடும். முந்தின வருஷம் அப்படி இரண்டு ஆடும் ஓர் ஆளும் போனார்கள். "முதுகுக்குப் பின்னாடி பெய்யுற மழைக்கு மூஞ்சி கிடையாதுண்ணா" என்று மலையில் போன் வைத்திருக்கும் தங்கச்சி சொன்னாள். அதையும் நோட்டில் எழுதினேன். எழுதும்போது நல்ல வாக்கியம் என்று சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்தத் தங்கச்சிக்கு முப்பது வயது இருக்கும். மகளிர் குழுவுக்கு அவள்தான் பொறுப்பு. ஊருக்குள் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே ஒரு பாறை, அங்கே மட்டும் கிடைக்கும். தினம் காலை ஆறு மணிக்குப் பாறை மேல் ஏறுவாள். என் குரல் பதிவு இறங்கியதும் கீழே வந்து ஸ்பீக்கரில் போடுவாள். ஊர் கூடி நின்று கேட்கும். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை அந்த ஊருக்கும் எங்களுக்கும் பேச்சு இல்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கதவு திறக்கும். அதற்குள் சரியானதைப் போட்டுவிட வேண்டும்.

நாலு மாதம் சரியாகத்தான் போட்டேன். வெறும் தகவலாகச் சொன்னால் யார் கேட்பார்கள் என்று, தினம் ஒரு பழமொழி வைத்துப் பேசுவேன். பிள்ளைகள் என்னைப் போலவே பேசிக் காட்டுகிறார்கள் என்று தங்கச்சி சொல்வாள். எனக்குப் பெருமை. தவளை தன் வாயால் கெடும் என்பது என் முதல் நோட்டிலேயே இருக்கிறது. எழுதி வைப்பதோடு சரி, அதை எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம் என் போன் அண்ணனூர் பிளாட்பாரத்தில் விழுந்து கண்ணாடி தூளாகிவிட்டது. ஆவடியில் ஒரு கடையில் பழைய போன் ஒன்று வாங்கினேன். கடைக்காரப் பையன் எல்லாவற்றையும் இதிலிருந்து அதற்கு மாற்றிக் கொடுத்தான். நம்பர், போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் வந்துவிட்டது. மழை பார்க்கும் ஆப் மட்டும் நான் புதிதாகப் போட்டேன். போடும்போது அது என்னென்னவோ கேட்டது. வழக்கம்போல எல்லாவற்றுக்கும் சரி, சரி, சரி என்று தட்டினேன். கல்யாண வீட்டில் கேட்கிற எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற மாதிரி.

உடைந்துபோன என் போனில் ஆப்பைத் திறந்தால் முதலில் வந்தது மலையூர். அதற்குக் கீழேதான் மற்ற ஊர்கள். நாலு மாதப் பழக்கத்தில் நான் ஊர்ப் பெயரைப் படிப்பதையே விட்டுவிட்டேன். மேகம் இருக்கிறதா, சூரியன் இருக்கிறதா, படத்தைப் பார்ப்பேன், பேசுவேன், ரயிலுக்கு ஓடுவேன்.

ஐப்பசி பிறந்து பத்து நாள் இருக்கும். தாழ்வு மண்டலம் எங்கள் பக்கம் இரண்டு நாள் கொட்டித் தீர்த்துவிட்டு மேற்கே போய்விட்டது. மலையில் போன வாரச் சந்தைக்கு நான் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். சொன்னபடியே பெய்தது. அதனால் என் மேல் அவர்களுக்கு நம்பிக்கை இன்னும் ஏறிவிட்டது. ஆனால் சீத்தாப்பழம் காத்திருக்குமா? பழுத்துக் கொட்டுகிறது, இந்த வாரமும் போகவில்லை என்றால் எல்லாம் ஆட்டுக்குத்தான் என்று முந்தின நாள் தங்கச்சி சொல்லியிருந்தாள்.

காலை ஐந்தரை மணி. மாற்றின போனில் முதல் தடவையாக மழை ஆப்பைத் திறந்தேன். தெளிவான வானம், மழைக்கு வாய்ப்பு இல்லை, இருபத்தேழு டிகிரி. மலையில் அந்த நேரத்துக்கு இருபதைத் தாண்டாது. அது கூட உறைக்கவில்லை. இரண்டு வாரம் காத்திருந்த பெண்களுக்கு நல்ல சேதி சொல்லப் போகிறோம் என்கிற குஷியில் பட்டனை அழுத்திப் பேசினேன்.

"அம்மாமார்களே, தங்கச்சிகளே, வணக்கம். இன்னிக்கி வானம் கண்ணாடி மாதிரி கீது. மழைங்கிற பேச்சுக்கே இடம் இல்ல. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு தயங்கி நிக்க வேணாம். தைரியமா எறங்குங்க. கூடைய நிறைச்சிக்கினு போங்க, காலி கூடையோட வாங்க."

ஆறேகாலுக்கு இரண்டு நீல டிக் வந்தது. நான் ரயிலில் ஏறிவிட்டேன்.

பட்டறையில் என் பக்கத்து மெஷின்காரன் என்னை மாமே என்றுதான் கூப்பிடுவான். மாங்காட்டில் புதிதாக வீடு கட்டுகிறான். அன்று தளம் போடுகிறார்கள். ஒன்பதரை மணிக்கு டீ குடிக்கும்போது வந்து நின்றான்.

"மாமே, ஊருக்கெல்லாம் மழை சொல்ற. என் ஊட்டுக்கும் கொஞ்சம் பாத்துச் சொல்லு. கான்கிரீட் கொட்டிக்கினு கீறாங்க. பெஞ்சா என் கதை முடிஞ்சுது."

"வானம் பளிச்னு கீது, உனக்கு இன்னா பயம்" என்று போனைத் திறந்து அவன் கையில் கொடுத்தேன்.

அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "இன்னா மாமே, அம்பத்தூர்னு போட்டுகீது. எனக்கு மாங்காடு வேணும்."

"அம்பத்தூரா?"

"தோ பாரு. மேல சின்னதா போட்டுகீது. நாம எங்க கீறமோ அந்த ஊர்தானே காட்டும். உனக்குத் தெரியாதா?"

டம்ளரைக் கீழே வைத்தேன். வைத்தேன் என்று நினைத்தேன், டீ என் செருப்பில் கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் வீட்டில் திறந்தபோது அதே இடத்தில் அண்ணனூர் என்று இருந்திருக்கும். நான் அண்ணனூர் வானத்தைப் பார்த்து மலைக்குச் சேதி சொல்லியிருக்கிறேன். அந்த ஆப் என்னிடம் பொய் சொல்லவில்லை. என் தலைக்கு மேலே இருப்பதைத்தான் சொன்னது.

மலையூர்ப் பெயரைத் தட்டவே மூன்று முறை ஆயிற்று. கனமழை, இடியுடன். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை. படத்தில் ஒரு கறுத்த மேகமும் அதற்குக் கீழே மின்னல் கோடும். பார்க்கப் பிள்ளைகள் வரைந்த படம் போல இருந்தது.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். மறுபடி போட்டேன். எல்லைக்கு வெளியே. "எறங்காதீங்க, நான் சொன்னது தப்பு, ஆத்துப் பக்கம் போகாதீங்க" என்று ஒரு பதிவு அனுப்பினேன். ஒரே ஒரு டிக். சாம்பல் நிறம். அவள் சந்தைக்குப் போய்ச் சிக்னல் கிடைக்கும் வரை அது ஒரே டிக்காகத்தான் இருக்கும். ஏழு மணிக்கு ஊரை விட்டுக் கிளம்பினால் ஒன்பது, ஒன்பதரைக்கு ஆற்றங்கரை. மணி இப்போது ஒன்பதே முக்கால்.

பட்டறை முதலாளி என் முகத்தைப் பார்த்தார். "உனக்கு என்னாச்சு? மெஷின் கிட்ட நிக்காத, கை போயிடும். வெளிய போய் உக்காரு" என்றார்.

பட்டறைக்குப் பின்னால் இரும்புக் கம்பிகள் அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. ஐப்பசியில் அப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததே இல்லை. மேலே ஒரு பஞ்சுத் துணுக்கு மேகம் கூட இல்லை. அந்த நீலத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பாய்க்குப் போன் செய்தேன். இங்கேதான் நான் முதல் தவறைவிடப் பெரிய தவறு செய்தேன். "பாய், மலையில திடீர்னு மழை மாறிடுச்சு. காலைல நல்லா காட்டுச்சு, இப்போ கனமழைன்றான்" என்றேன். ஊரை மாற்றிப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பாய் ஒன்றும் சந்தேகப்படவில்லை. "அல்லாவே. ஆப்பு மாத்தி மாத்திக் காட்டுனா நாம என்னா பண்ண முடியும் நைனா. இரு, சந்தைல மண்டிக்காரர்கிட்ட கேக்கறேன்" என்றார். மலையடிவாரத்துச் சந்தையில் பழமண்டி வைத்திருக்கிறவர் அவருக்குத் தெரிந்தவர். பெண்கள் பழத்தை இறக்குவதே அங்கேதான்.

பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார். "இன்னும் யாரும் வரலையாம். மலையே கண்ணுக்குத் தெரியலயாம், அப்படி ஊத்துதாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும் சொல்லிட்டேன். ஊர் பேரெல்லாம் எழுதிக்கினாங்க. ஆளு அனுப்பறோம்னாங்க. ஆனா பாதை சேறு, நேரம் புடிக்கும்னாங்க."

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

காலையில் அனுப்பிய என் குரலைப் போட்டுக் கேட்டேன். தைரியமா எறங்குங்க. அந்தக் குரலில் எவ்வளவு உற்சாகம். பதினாறு பெண்கள் அதைக் கேட்டுத்தான் கூடையைத் தூக்கியிருப்பார்கள். யாராவது போய்விட்டால் இதைத்தான் எல்லோரும் போட்டுக் கேட்பார்கள். போலீஸ் கேட்கும். ஊர் கேட்கும். போனவளின் பிள்ளை கேட்கும். அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகும் கேட்கும். அப்படி ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டே போனேன். என் கட்டைவிரல் அந்தப் பதிவின் மேல் அழுந்தியிருந்தது. எல்லோருக்கும் அழிக்கவா என்று போன் கேட்டது. அழித்தேன்.

அழித்ததும் ஒரு நொடி மூச்சு இலகுவாக வந்தது. அந்த ஒரு நொடி வந்ததுதான் எனக்கு இன்றைக்கும் பயம். பதினாறு பேர் ஆற்றில் நிற்கிறார்கள், எனக்கு மூச்சு இலகுவாக வருகிறது.

பதினொன்றாயிற்று. பன்னிரண்டாயிற்று. இன்னும் வரவில்லை என்பதே பதில். பட்டறையில் இருக்க முடியாமல் ஷேர் ஆட்டோ பிடித்துப் பூந்தமல்லிக்குப் போனேன். ஆட்டோவில் யாரோ இருவர் தீபாவளிச் சீட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். நடுவில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு பெண்ணாக எண்ணிக்கொண்டு வந்தேன். எனக்கு அவர்களில் பாதிப் பேரின் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் தெரியும். இருமுகிறவள் ஒருத்தி. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள் ஒருத்தி. தன் மருமகளைப் பற்றி என்னிடம் புகார் சொல்லிப் பதிவு அனுப்பும் பெரியம்மா ஒருத்தி. "நீ சொல்லு தம்பி, நான் சொல்றதுல என்ன தப்பு" என்று முடிப்பாள்.

பாய் கடையில் கல்லாவை வேறொருவரிடம் விட்டுவிட்டுப் பின்னால் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு சாத்துக்குடி ஜூஸ் வரவழைத்தார். நான் தொடவில்லை.

"குடி நைனா. மயக்கம் போட்டு வுழுந்தா உன்னையும் சேர்த்து நான் தேடணும்."

"பாய், யாருக்காவது எதாவது ஆச்சுன்னா?"

"ஆவறதுக்கு முன்னயே அழுவாத. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்." சொல்லிவிட்டு அவரே போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நமாஸுக்குப் போய்விட்டு வந்தார். அந்த நேரம் முழுக்க அவர் போன் என் மடியில் இருந்தது. அது ஒலித்துவிடுமோ என்றும் பயம், ஒலிக்காமலே இருந்துவிடுமோ என்றும் பயம்.

நாலு மணிக்கு ஒலித்தது. மண்டிக்காரர்.

பாய் ஸ்பீக்கரில் போட்டார். "வந்துட்டாங்க பாய். ஒடம்பெல்லாம் சேறு. பத்து பேரு" என்றார் அவர்.

"பத்தா?" என்றார் பாய். "பதினாறு பேர் ஆச்சே."

நான் அட்டைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் போன் கை மாறியது. தங்கச்சியின் குரல்.

"பாய், பயப்படாதீங்க. ஆறு பேரு அந்தக் கரையிலயே நின்னுட்டாங்க. நல்லாதான் இருக்காங்க, ஊருக்குத் திரும்பிப் போறதப் பாத்துட்டுதான் நாங்க நடந்தோம். பெரியம்மாவுக்குத்தான் கை ஒடஞ்சு போச்சு. இப்பதான் இங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்."

பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடினார். அவள் நடந்ததைச் சொன்னாள். ஆற்றங்கரைக்கு வந்தபோது கணுக்கால் தண்ணீர்தான். தலைக்கு மேலே தூறல் கூட இல்லை, முகட்டுக்குப் பின்னால் மட்டும் கறுத்திருந்தது. பெரியம்மா இறங்க வேண்டாம் என்றாள். அப்போது தங்கச்சி போனை எடுத்து, பதிவை மறுபடியும் போட்டுக் காட்டினாள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒன்பது பேர் அக்கரையில் ஏறிய பிறகு தண்ணீர் வந்தது. பெரியம்மா நடு ஆற்றில் ஒரு பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மூன்று புடவைகளை முடிச்சுப் போட்டு வீசி இழுத்தார்கள். இழுத்த வேகத்தில் கரைக்கல்லில் மோதிக் கை போயிற்று. பிறகு மழையில் மரத்தடியில் மணிக்கணக்காக நின்றார்கள்.

"அண்ணன் அங்க இருக்காரா பாய்?" என்று கேட்டாள்.

"இங்கதான் கீறாரு. சொல்லு."

"அண்ணா, இப்பதான் என் போன்ல சிக்னல் வந்துச்சு. எறங்காதீங்கனு நீங்க அனுப்புனது வந்துருக்கு, காலைல நீங்க பேசுனது இல்ல. செய்தி அழிக்கப்பட்டதுனு இருக்கு. ஏண்ணா அழிச்சீங்க?"

பாய் என்னைப் பார்த்தார். கடைக்கு முன்னால் யாரோ ஆப்பிளுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தானாக அழிந்துவிட்டது, போன் மாற்றினேன் அல்லவா என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். அந்த வாக்கியம் என் நாக்கில் தயாராக இருந்தது. பேச்சு எனக்குத் தானாக வரும் என்று சொன்னேன் இல்லையா, பொய்யும் அப்படித்தான் வருகிறது.

"தங்கச்சி, நான் உங்க ஊரப் பாக்கல. எங்க ஊர் வானத்தப் பாத்துட்டு உங்களுக்குச் சொல்லிட்டேன். ஒன்பதே முக்காலுக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. பாய்கிட்டயும் மறைச்சேன். யாருக்காவது ஏதாவது ஆயிட்டா என் குரல் இருக்கக் கூடாதுனு அழிச்சேன்."

மண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பெட்டியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா வேணாம்னுச்சு" என்றாள் கடைசியில். "நான்தான் உங்க பேச்சப் போட்டு அது வாய அடைச்சேன். கை ஒடஞ்சதுல உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி. அழிச்சது மட்டும் முழுசா உங்களோடதுண்ணா."

"ஆமா."

"சரி. நாளைக்கு நாங்க திரும்பி ஆத்தத் தாண்டணும். ஊர்ல புள்ளைங்க இருக்கு. பாத்துச் சொல்லுங்க. மொதல்ல எங்க ஊர் பேரப் படிங்க, அப்புறம் மழையப் படிங்க."

போன் கை மாறி மண்டிக்காரரிடம் போனது. பாய் எழுந்து போய்க் கல்லாவில் ஒரு கணக்கை முடித்துவிட்டு வந்தார். பிறகு, "என்கிட்ட சொல்லிருந்தா நான் இன்னா உன்ன அடிச்சிருப்பனா?" என்றார். அடித்திருந்தால் தேவலை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மனைவியை எழுப்பி அவளையும் படிக்கச் சொன்னேன். பாயைக் கூப்பிட்டு அவர் போனில் பார்க்கச் சொன்னேன். மூன்றும் ஒன்றாக இருந்தது. முகட்டுப் பக்கம் மதியம் வரை மழை இல்லை, அதற்குப் பிறகு உண்டு. பட்டனை அழுத்தினேன். ஊர்ப் பெயர், நேரம், மழை. பழமொழி எதுவும் வரவில்லை. பன்னிரண்டு நொடியில் முடிந்துவிட்டது. அன்று பத்து மணிக்கு முன்னால், கையில் மாவுக்கட்டோடு பெரியம்மா உட்பட எல்லோரும் ஆற்றைத் தாண்டிவிட்டார்கள் என்று எனக்குத் தெரிய வந்தது அதற்கு அடுத்த நாள் காலை ஆறேகாலுக்கு. அந்த இருபத்துநாலு மணி நேரத்தை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள்.

பெரியம்மாவுக்குத் தனியாக ஒரு பதிவு அனுப்பினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், எதையும் விடவில்லை. அதை ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்கப் போடச் சொல்லியிருந்தேன். போட்டார்கள் என்று தங்கச்சி ஒரு வரி அனுப்பினாள். பெரியம்மாவிடமிருந்து மூன்று நாள் ஒன்றும் இல்லை.

நாலாம் நாள் வந்தது. பாறை மேல் காற்று பலமாக அடிக்கும் சத்தம். அதற்கு நடுவில் அவள் குரல். ஒற்றைக் கையோடு அவ்வளவு உயரம் ஏறி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"ஏன் தம்பி, அன்னிக்கி உங்க ஊர்ல நல்ல வெயிலாமே. துணியெல்லாம் காஞ்சுதா?"

அவ்வளவுதான். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. எதற்கெடுத்தாலும் சிரிப்பாளே, அவளாக இருக்கலாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் திட்டியிருந்தால் பதில் தெரிந்திருக்கும். சமையலறைக்குப் போய், மலையில் மழை பெய்த அந்த நாளில் மாடியில் துணி போட்டாயா என்று மனைவியைக் கேட்டேன். என்ன கேள்வி இது என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். போட்டேன், பதினோரு மணிக்கெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது, எடுத்து மடித்தும் வைத்துவிட்டேன் என்றாள்.

அதை அப்படியே மலைக்குச் சொன்னேன்.